சோற்றில் கிடந்த கல்: சிகாகோவில் பிளந்த டர்பைன் டிஸ்க்

2016 அக்டோபர் 28, பிற்பகல் 2:32. சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் அமெரிக்கன் ஏர்லைன்ஸின் 383ஆம் எண் விமானம் மயாமிக்குப் புறப்பட ஓடுபாதையில் வேகமெடுத்துக்கொண்டிருந்தது. போயிங் 767 ரகம். 161 பயணிகள், 9 ஊழியர்கள். தரையை விட்டு எழுவதற்கு முன்பே வலது எஞ்சின் வெடித்தது. விமானி புறப்பாட்டைக் கைவிட்டு ஓடுபாதையிலேயே விமானத்தை நிறுத்தினார். அதற்குள் எரிபொருள் குழாய் அறுந்து, இறக்கையிலிருந்த தொட்டியும் கிழிந்து, வலப்பக்கம் முழுவதும் தீ.

எஞ்சினில் சூடான வாயுவால் சுழலும் உயர் அழுத்த டர்பைனின் இரண்டாம் கட்ட டிஸ்க், அதாவது டர்பைன் அலகுகளைத் தாங்கிச் சுழலும் கனத்த உலோகச் சக்கரம், துண்டு துண்டாகப் பிளந்திருந்தது. ஒரு துண்டு வலது இறக்கையைத் துளைத்து, விமானத்தின் உடலுக்கு மேலாகப் பறந்து, 2,935 அடி தள்ளியிருந்த ஒரு சரக்குக் கிடங்குக்குள் போய் விழுந்தது. ஏறத்தாழ 900 மீட்டர். அதன் எடை 57 பவுண்டு. கடையில் வாங்கும் 25 கிலோ அரிசி மூட்டை ஒன்று அவ்வளவு தூரம் பறந்ததாக நினைத்துக்கொள்ளலாம்.

யாரும் சாகவில்லை. 20 பேருக்குச் சிறு காயம். ஒரே ஒருவருக்குத்தான் பலத்த காயம், அதுவும் தீயால் வந்ததல்ல. இன்னும் ஓடிக்கொண்டிருந்த இடது எஞ்சினின் காற்று, இறங்கி ஓடிய பயணியைத் தூக்கி எறிந்துவிட்டது. அவசர வெளியேற்றத்தில் நடந்த குளறுபடிகளைப் பற்றித் தனியாகவே எழுதலாம். இங்கே நம் அக்கறை அந்த டிஸ்க்கின் மேல்.

அந்த எஞ்சின் ஜெனரல் எலெக்ட்ரிக்கின் சிஎஃப்6-80சி2. டிஸ்க்கின் உலோகம் இன்கோனல் 718 என்ற நிக்கல் சூப்பர்அலாய், அதாவது கடும் சூட்டிலும் வலிமை குன்றாத கலவை உலோகம். அந்த டிஸ்க்குக்கு விதிக்கப்பட்ட ஆயுள் 15,000 சுழற்சி. ஒரு பறப்பு என்பது ஒரு சுழற்சி. அது உடைந்தபோது முடித்திருந்தது 10,984. ஏட்டுக் கணக்கின்படி இன்னும் 4,016 பறப்புகள் பாக்கி. வேகக் கட்டுப்பாட்டை மீறவில்லை, அளவுக்கு மேல் சூடாகவில்லை, பராமரிப்பிலும் கோளாறு இல்லை. பிறகு ஏன் உடைந்தது?

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2018 ஜனவரி 30 அன்று ஏற்றுக்கொண்ட அறிக்கையின் பதில் இது: டிஸ்க்கின் உள்ளே, மேற்பரப்புக்குக் கீழே, உற்பத்தியின்போதே உண்டான ஒரு குறை இருந்தது. அதிலிருந்து குறைசுழற்சிச் சோர்வு விரிசல்கள், அதாவது பெரும் விசை திரும்பத் திரும்ப ஏறி இறங்குவதால் வரும் விரிசல்கள், கிளம்பி வளர்ந்தன. அன்றைய சோதனை முறைகளால் அந்தக் குறையைப் பெரும்பாலும் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்தக் குறைக்கு உலோகவியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் வேடிக்கையானது: ‘அழுக்கு வெள்ளைப் புள்ளி’.

என் பார்வையில் இந்த வழக்கின் சாரம் அந்தப் பெயரில்தான் இருக்கிறது. டிஸ்க்கின் பொறியியல் வரைபடத்தில் எழுதியிருந்த உலோகம் உடையவில்லை. அதே பெயரில், அதே டிஸ்க்குக்குள், வேறொரு உலோகம் சிறிதளவு உட்கார்ந்திருந்தது. உடைவு அங்கிருந்துதான் தொடங்கியது.

வரைபடத்தில் எழுதியிருந்த உலோகம்

718 ஒன்றும் புதிய சரக்கல்ல. இன்டர்நேஷனல் நிக்கல் நிறுவனத்தில் ஹெர்பர்ட் ஐசல்ஸ்டைன் உருவாக்கி, 1962இல் காப்புரிமை பெற்றது. பாதிக்குச் சற்று மேல் நிக்கல், 19 சதவீதம் குரோமியம், ஏறக்குறைய அதே அளவு இரும்பு, 3 சதவீதம் மாலிப்டினம், சிறிது டைட்டானியம், சிறிது அலுமினியம். மிக முக்கியமானது 5 சதவீத நியோபியம். அந்த ஐந்தைக் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். கதை முழுவதும் அதைச் சுற்றித்தான் போகிறது.

நியோபியம் இந்த உலோகத்தில் இரண்டு வேலை பார்க்கிறது. ஒன்று, நிக்கலோடு சேர்ந்து ‘காமா இரட்டைப் பிரைம்’ என்ற வீழ்படிவாகப் படிகிறது. சில பத்து நானோமீட்டர் அகலமுள்ள வட்டத் தட்டுகளாக இவை மணிகளுக்குள், அதாவது உலோகத்தை ஆக்கியிருக்கும் நுண்ணிய படிகங்களுக்குள், கோடிக்கணக்கில் பரவிக் கிடக்கின்றன. உலோகம் வளைவதென்றால் படிக அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்க வேண்டும். ஒவ்வொரு வழுக்கலும் இந்தத் தட்டுகளை வெட்டிக்கொண்டு போயாக வேண்டும். 718இன் வலிமை பெரும்பாலும் இதனால்தான். இரண்டாவது வேலை அவ்வளவு பேசப்படாதது. அதே நிக்கலும் நியோபியமும் அதே மூன்றுக்கு ஒன்று விகிதத்தில் சேர்ந்து, ஆனால் வேறு படிக அமைப்பில், ‘டெல்டா’ என்ற இன்னொரு வீழ்படிவாகவும் படியும். மணி எல்லைகளில் ஊசி ஊசியாக நிற்கும். டெல்டா அதிகமானால் கெடுதல். அளவோடு இருந்தால், சூட்டில் அடித்து உருவாக்கும் ஃபோர்ஜிங் வேலையின்போது மணிகள் பெருத்துவிடாமல் எல்லைகளைப் பிடித்து நிறுத்தும். ஏறத்தாழ 1,020 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது கரைந்துபோகும். பிறகு மணிகளைத் தடுக்க ஆளில்லை. அதனால்தான் நல்ல டிஸ்க்குக்கான ஃபோர்ஜிங்கையும் வெப்பப் பதப்படுத்தலையும் அந்த வரம்புக்குக் கீழேயே முடிக்கப் பார்ப்பார்கள். முடிவில் கிடைக்கும் மணியின் அளவு 10 மைக்ரோமீட்டர் அளவில் இருக்கும். தலைமுடியின் தடிமனில் ஏழு மணிகள் வரிசையாக நிற்கலாம்.

மணி சிறியதாக இருப்பது ஏன் நல்லது? சோர்வு விரிசல் பிறப்பது வழுக்கல் குவியும் இடத்தில். 718 போன்ற கலவைகளில் வழுக்கல் பரவலாக நடப்பதில்லை. ஒரு தளத்தில் முதல் வழுக்கல் வீழ்படிவுகளை வெட்டி வழி போட்டுவிட்டால், அடுத்தடுத்தவை அதே வழியில் போகும். பள்ளத்தில் தண்ணீர் ஓடி ஓடி வாய்க்கால் ஆவதுபோல, மணிக்குள் சில பட்டைகளில் மட்டும் உருமாற்றம் குவிகிறது. பெரும்பாலும் இரட்டைப் படிக எல்லைகளை, அதாவது ஒரு மணிக்குள்ளேயே கண்ணாடிப் பிம்பம்போல் அமைந்த இரு பகுதிகள் சேரும் கோடுகளை, ஒட்டி. மணி பெரியதானால் வாய்க்கால் நீளம், அதன் முனையில் குவியும் தகைவும் (ஒரு பரப்பின் மேல் விழும் விசையின் அளவு) அதிகம். மணி சிறியதானால் ஒவ்வொரு எல்லையும் ஒரு வரப்பு.

ஆனால் ஒரு முரண் உண்டு. பிறந்துவிட்ட விரிசலை மெதுவாக்குவதில் பெரிய மணிக்குத்தான் கெட்டிக்காரத்தனம் அதிகம். அங்கே விரிசல் படிகத் தளங்களைப் பிடித்துக்கொண்டு கோணல்மாணலாக ஓடும்; இரு முகங்களும் ஒன்றோடொன்று சிக்கி உரசும்; முனைக்குப் போய்ச் சேரும் விசை குறையும். சிறு மணி விரிசலைப் பிறக்கவிடாது, பிறந்தபின் தடுக்காது. பெரு மணி அதற்கு நேர்மாறு. இந்தச் சண்டையைத் தீர்க்கவே பிற்காலத்தில் பொடி உலோகத்திலிருந்து செய்யும் சில டிஸ்க்குகளில் நடுப்பகுதியைச் சிறு மணியாகவும் விளிம்பைப் பெரு மணியாகவும் பதப்படுத்தும் முறை வந்தது. 383இன் டிஸ்க் அந்த வகையல்ல. அது முழுக்கச் சிறு மணியை நம்பியது. அதாவது, ‘விரிசல் பிறக்கவே நெடுங்காலம் ஆகும்’ என்ற வாக்குறுதியை நம்பியது.

புள்ளி எங்கிருந்து வந்தது

டிஸ்க்குக்கான 718ஐ ஒரே தடவையில் உருக்கி ஊற்றிவிடுவதில்லை. முதலில் வெற்றிடத்தில் தூண்டல் உலையில் உருக்கிக் கலவையைச் சரிசெய்வார்கள். பிறகு கசடுக் குளத்தின் வழியே மறுபடி உருக்கி அழுக்கைக் கழுவுவார்கள். மூன்றாவதாக, வெற்றிடத்தில் மின்வில்லால் இன்னொரு முறை. இந்த மூன்றாவதில்தான் நமக்கு வேலை.

நீரால் குளிரூட்டப்படும் செம்பு வார்ப்பில், மேலிருந்து ஒரு பெரிய உலோகத் தண்டு தொங்குகிறது. அதன் அடிக்கும் கீழேயுள்ள குளத்துக்கும் இடையே மின்வில். தண்டு சொட்டுச் சொட்டாக உருகிக் குளத்தில் விழ, குளம் அடியிலிருந்து உறைந்துகொண்டே மேலே ஏறுகிறது. மெதுவான, நிதானமான வேலை. 718இல் இப்படி உறைந்து கிடைக்கும் உருளையான இங்காட்டின் விட்டம் பொதுவாக 500 மில்லிமீட்டரைச் சுற்றியே நிற்பதற்கும் நியோபியம்தான் காரணம். பெரிதாக்கினால் உறைவது தாமதமாகும், நியோபியம் பிரிந்து ஒதுங்கிவிடும்.

பிரிவது எப்படி என்பதற்குக் குச்சி ஐஸ் போதும். உறிஞ்சிக்கொண்டே போனால் நிறமும் இனிப்பும் முதலில் வாய்க்கு வந்துவிடும். கையில் மிஞ்சுவது வெறும் வெள்ளைப் பனிக்கட்டி. தண்ணீர் உறையும்போது சர்க்கரையை வெளியே தள்ளிவிட்டுத்தான் உறைகிறது. 718 உறையும்போதும் முதலில் உறையும் பகுதி நியோபியத்தை ஒதுக்கித் தள்ளும். கடைசியில் உறைவதில் அது மிகுந்திருக்கும்.

வார்ப்பின் சுவரில், குளத்துக்கு மேலே, தெறித்த உலோகமும் ஆவியும் படிந்து ஒரு வளையம் கட்டும். குளத்தின் ஓரத்திலும் முதலில் உறைந்த ஒரு திட்டு நிற்கும். இவை முதலில் உறைந்தவை. எனவே நியோபியம் குறைந்தவை. கூடவே, குளத்திலிருந்து மிதந்து ஒதுங்கிய ஆக்ஸைடு, நைட்ரைடுத் துகள்களும் அங்கேதான் சேரும். பாத்திரத்தின் விளிம்பில் நுரையும் தூசியும் ஒட்டிக்கொள்வதுபோல. மின்வில் ஒரு கணம் நிலைதவறினால், அந்த ஒட்டலிலிருந்து ஒரு சில்லு பெயர்ந்து குளத்தில் விழலாம். நியோபியம் குறைந்தது என்பதால் அதன் உருகுநிலை சுற்றியுள்ள திரவத்தைவிடச் சற்று அதிகம். திண்மமாதலால் அடர்த்தியும் அதிகம். மூழ்கும். உருகி முடிப்பதற்குள் அடியில் உறையும் சேற்றில் சிக்கிக்கொண்டால், அவ்வளவுதான். அது இங்காட்டின் உறுப்பாகிவிட்டது.

அந்த இங்காட்டை அடித்து நீட்டி, பில்லெட் என்ற தடித்த தண்டாக்கி, வெட்டி, டிஸ்க்காக ஃபோர்ஜ் செய்வார்கள். சில்லும் கூடவே நசுங்கி நீளும், மறையாது. அமிலத்தில் அரித்துப் பார்த்தால் சுற்றுப்புறம் கருத்திருக்க, அது மட்டும் வெளிறித் தெரியும். அதனால் வெள்ளைப் புள்ளி. ஆக்ஸைடு, நைட்ரைடுக் கொத்துகளையும் சுமந்து வந்திருந்தால் அழுக்கு வெள்ளைப் புள்ளி.

சுத்தமான வெள்ளைப் புள்ளி மட்டும் என்றால் பெரிய ஆபத்தில்லை என்றே ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. வலிமை கொஞ்சம் குறையும். நியோபியம் குறைவதால் காமா இரட்டைப் பிரைம் குறைந்து மென்மையாகும். டெல்டா குறைவதால் அங்கே மட்டும் மணிகள் பெருத்திருக்கும். மென்மையான, பெருமணித் தீவு ஒன்று. சுழற்சிக்குச் சுழற்சி உருமாற்றம் அங்கே குவியும் என்றாலும் தாங்கிக்கொள்ளும். அழுக்கு சேரும்போதுதான் கணக்கே மாறுகிறது. ஆக்ஸைடுக் கொத்து உடையக்கூடியது, உலோகத்தோடு சரியாகப் பிணையாதது. ஃபோர்ஜிங்கிலேயே கீறலாகியிருக்கலாம், முதல் சில பறப்புகளிலும் ஆகலாம். மென்மையான தீவுக்கு நடுவே தயாராக ஒரு கீறல். விரிசல் பிறக்க நெடுங்காலம் ஆகும் என்ற வாக்குறுதி அங்கே முதல் நாளிலேயே செல்லாக்காசு.

ஒரு சிறு கணக்கு

இதை எண்ணிலும் பார்க்கலாம். கீழே வருவது அந்த டிஸ்க்கின் உண்மையான தகைவு அல்ல. அளவுகளின் உறவைப் புரிந்துகொள்ள நான் வைத்துக்கொண்ட எண்.

ஒரு பறப்பில் தகைவு பூஜ்யத்திலிருந்து 900 மெகாபாஸ்கலுக்கு ஏறி இறங்குகிறது என்று வைப்போம். உள்ளே ஒரு மணி அளவுக்கு, அதாவது 5 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள நாணய வடிவக் கீறல் இருந்தால், அதன் முனையில் தகைவு எவ்வளவு குவிகிறது என்பதன் அளவான தகைவுச் செறிவு வீச்சு 2.3 வரும், அலகு மெகாபாஸ்கல் பெருக்கல் மீட்டரின் வர்க்கமூலம். இந்தக் கலவையில் நீண்ட விரிசல் வளரத் தொடங்கத் தேவையான வரம்பு சுமார் 8 முதல் 10. இரண்டுக்கும் நல்ல இடைவெளி. அதே கீறலின் ஆரம் 0.1 மில்லிமீட்டர் என்றால் செறிவு 10ஐத் தொட்டுவிடுகிறது. மணல் துகள் அளவுதான், ஆனால் விரிசல் நடக்கத் தொடங்கிவிட்டது. (மிகச் சிறிய விரிசல்கள் வரம்புக்குக் கீழேயும் மெல்ல ஊர்ந்து போகும் என்பது இன்னொரு தொல்லை. ஆகவே 8, 10 என்பதையும் மதில்சுவராக நம்பிவிடக் கூடாது.)

வளரத் தொடங்கிய விரிசல் ஆரம்பத்தில் நிதானமாகவே போகும். மேற்பரப்பை எட்டாதவரை அதற்கு ஆக்ஸிஜன் கிடையாது. அது வெற்றிடத்தில் வளர்கிறது. காற்றில் வளர்வதைவிட அது மெதுவு. 600 டிகிரிக்கு மேல், விளிம்புப் பகுதிகளில் இந்த வேறுபாடு மிகப் பெரிது. அங்கே ஆக்ஸிஜன் மணி எல்லைகளைத் தின்றுகொண்டே முன்னேறும். விரிசல் மணிகளை வெட்டாமல் எல்லைகளைப் பிரித்துக்கொண்டு ஓடும். டிஸ்க்கின் உட்பகுதி அவ்வளவு சூடாவதில்லை. எப்படியானாலும் உள்விரிசல் வெளியே வரும்வரை யார் கண்ணிலும் படாது. வெளியே வந்தபின் மீதியிருக்கும் பறப்புகளோ அதிகமிராது.

நிமிடத்துக்கு ஏறத்தாழ 10,000 சுற்று சுழலும் டிஸ்க் அது. சுழல்வேகத்தின் வர்க்கத்தோடு தகைவு ஏறும். முழு வேகம் தேவைப்படுவது புறப்படும்போது. 383இன் டிஸ்க் ஓடுபாதையில் உடைந்தது தற்செயல் அல்ல. தரையில் இருந்தபோது உடைந்தது, அதில் இருந்த 170 பேரின் நல்வினை.

பதம் பார்ப்பதும் கல் பொறுக்குவதும்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். டிஸ்க்குகளின் ஆயுளை நிர்ணயிக்கும் பழைய முறையும் ஏறத்தாழ அதுதான். ஃபோர்ஜிங்குகளிலிருந்து சிறு மாதிரிகளை வெட்டி, அவை எத்தனை சுழற்சியில் விரிசல் விடுகின்றன என்று பார்த்து, அந்தச் சிதறலின் பத்திரமான ஓரத்தை எடுத்துக்கொள்வது. ஆயிரம் டிஸ்க்கில் ஒன்றில் சுமார் 0.8 மில்லிமீட்டர் விரிசல் இருக்கலாம் என்று கணக்கு சொல்லும் நிலையில், விரிசல் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எல்லா டிஸ்க்கையும் கழற்றிவிடுவது. சோறு வெந்ததா என்பதற்கு இது அருமையான சோதனை. சோற்றில் கல் இருக்கிறதா என்பதற்கு ஒரு சோறு பதம் ஆகாது. விரல் பருமன் மாதிரிக்குள் அழுக்கு வெள்ளைப் புள்ளி அகப்படும் வாய்ப்பு அநேகமாக இல்லை. டிஸ்க்கின் கன அளவோ அதைவிடப் பல மடங்கு. அப்படியான டிஸ்க்குகள் உலகமெங்கும் ஆயிரக்கணக்கில் சுழல்கின்றன. மாதிரியில் வராத கல் எங்கோ ஒரு தட்டில் வந்தே தீரும்.

இது முன்பே படித்த பாடம் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. 1989 ஜூலை 19 அன்று அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் யுனைடெட் ஏர்லைன்ஸின் 232ஆம் எண் விமானம் விழுந்து 112 பேர் இறந்தார்கள். அங்கே உடைந்தது டைட்டானிய விசிறி டிஸ்க். விதித்த ஆயுள் 18,000 சுழற்சி, உடைந்தது 15,503இல். காரணம், உருக்கும்போது நைட்ரஜன் மிகுந்து கெட்டித்துப்போன ஒரு துகள். உலோகம் வேறு, குறையின் வேதியியலும் வேறு, ஆனால் உருக்காலையிலிருந்தே வந்த கல் என்பதில் இரண்டும் ஒன்று. அதன்பின் டைட்டானியம் உருக்கும் முறைகள் இறுக்கப்பட்டன. டிஸ்க்கில் குறை இருக்கும் நிகழ்தகவையும் சேர்த்தே ஆயுளைக் கணக்கிடும் வழிகாட்டுதலை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் 2001இல் வெளியிட்டது. ஆனால் அது டைட்டானியத்துக்கானது. நிக்கல் அந்த வரிசையில் நிற்கவில்லை. மூன்று முறை உருக்கிய நிக்கல் சுத்தமானது என்ற நம்பிக்கைக்கு நியாயமான அடிப்படை இருந்தது. அந்த அடிப்படை நன்றாக இருந்ததால்தான் யாரும் அதைக் கிளறவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

கண்டுபிடித்திருக்க முடியாதா? பில்லெட்டையும் ஃபோர்ஜிங்கையும் மீயொலியால், அதாவது காதுக்குக் கேட்காத உயர் அதிர்வெண் ஒலியால், சோதிக்கிறார்கள்தான். ஆனால் மீயொலி எதிரொலிப்பது ஒலித்தடை, அதாவது ஒலி கடக்கும்போது பொருள் காட்டும் எதிர்ப்பு, மாறும் இடத்தில். வெற்றிடமோ திறந்த விரிசலோ இருந்தால் பளிச்சென்று தெரியும். வெள்ளைப் புள்ளியும் சுற்றியுள்ள உலோகமும் ஒலிக்கு ஏறத்தாழ ஒன்றே. ஆக்ஸைடுக் கொத்து நசுங்கித் திறக்காமல் இருந்தால், மணிகளிலிருந்து வரும் இரைச்சலுக்குள் அதன் முணுமுணுப்பு காணாமல் போகும். அமில அரிப்பு வெட்டிய முகத்தில் உள்ளதை மட்டுமே காட்டும். பட்டறைக்கு எஞ்சின் வரும்போது செய்யப்படும் ஒளிரும் சாயச் சோதனை மேற்பரப்பில் திறந்த விரிசலை மட்டுமே காட்டும். ஆக, அந்த டிஸ்க் எல்லாச் சோதனைகளிலும் நேர்மையாகவே தேறியது.

விபத்துக்குப் பின் இந்த எஞ்சின் குடும்பத்தின் உயர் அழுத்த டர்பைன் டிஸ்க்குகளைப் பட்டறைக்கு வரும்போது மீயொலியால் சோதிக்கும்படி ஜெனரல் எலெக்ட்ரிக் அறிவுறுத்தியது. 2018இல் விமானப் போக்குவரத்து நிர்வாகம் அதைக் கட்டாயமாக்கியது. பாதுகாப்பு வாரியம் ஒரு படி மேலே போய், எல்லா எஞ்சின்களிலும் ஆபத்தான சுழலும் பாகங்கள் அனைத்துக்கும் மேற்பரப்புக்குக் கீழே பார்க்கும் சோதனை வேண்டும் என்று பரிந்துரைத்தது.

இந்தச் சோதனை புள்ளியைத் தேடவில்லை, விரிசலைத் தேடுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். புதிய டிஸ்க்கில் ஊமையாகக் கிடக்கும் கொத்து, சில ஆயிரம் பறப்புகளுக்குப் பின் தன்னைச் சுற்றி விரிசல் விட்டுத் திறந்தால்தான் மீயொலிக்கு வாய் திறக்கும். ஆகவே விரிசல் மீயொலிக்குத் தெரியும் அளவை எட்டுவதிலிருந்து டிஸ்க் பிளப்பதுவரை எத்தனை பறப்பு என்பதும், எஞ்சின் இரண்டு முறை பட்டறைக்கு வருவதற்கிடையே எத்தனை பறப்பு என்பதும் ஒத்துப்போக வேண்டும். முதலாவது இரண்டாவதைவிட நீளமாக இருந்தால் அகப்படும். இல்லையென்றால் டிஸ்க் மறுபடி தேறிவிடும். நீண்டதூரப் பறப்பில் ஓடும் எஞ்சின் மணிக்கணக்கில் சீக்கிரம் தேய்ந்து, குறைந்த சுழற்சிகளிலேயே பட்டறைக்கு வந்துவிடும். குறுந்தூரத்தில் ஓடுவது அப்படியல்ல. இரண்டு வருகைகளுக்கு நடுவே சுழற்சிகளை வாரிக் குவித்துக்கொள்ளும். ஒரே டிஸ்க், ஒரே புள்ளி, ஆனால் எந்த நிறுவனத்தின் எந்தத் தடத்தில் பறக்கிறது என்பதைப் பொறுத்து அது அகப்படுவதும் தப்புவதும் மாறும்.